லோரியை நிறுத்துவது டயரின் பிடி

செம்பனைக் குலையை ஆலையில் இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போதுதான் சறுக்கல் அதிகம். பாரம் டயரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கும். இறக்கியதும் அந்தப் பிடி குறைந்துவிடும். மழைச் சாலையில் பாரத்தோடு மிதித்த அதே மிதியை வெறும் லோரியிலும் மிதித்தால் பின்சக்கரம் சுழலாமல் இறுகும், வண்டியின் பின்பக்கம் வீசும். சுங்கை பட்டாணியில் லோரிப் பட்டறை வைத்திருக்கிற நான் ஓட்டுநர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும், லோரியை நிறுத்துவது டயரின் பிடி.

கனரக லோரியில் பிரேக்கை இயக்குவது காற்று. இஞ்சினோடு ஓடும் கம்பிரசர் அதை ஏறக்குறைய 8 பார் அழுத்தத்தில் தொட்டியில் அடைத்து வைக்கும். 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்தது இது. இதிலுள்ள குறை தாமதம். மிதித்த பிறகு காற்று குழாய் வழியே ஓடி, நீளமான டிரெய்லரின் கடைசி அச்சில் அழுத்தம் ஏற அரை வினாடி ஆகலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 11 மீட்டர் போயிருக்கும்.

இந்தத் தாமதத்தைக் குறைப்பது மின்னணுப் பிரேக். அதிலும் பிடிப்பது காற்றுதான். கட்டளை மட்டும் வயரில் போகிறது. மிதி எவ்வளவு இறங்கியது என்று கணினிக்குத் தெரிந்ததும் ஒவ்வோர் அச்சருகேயும் உள்ள வால்வு உடனே திறக்கும். பாரம் எவ்வளவு என்பதையும் பார்த்துக் கணினி அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். வெறும் லோரிக்கு இது பெரிய உதவி. மின்பகுதி பழுதானாலும் காற்றுக் குழாய் வழியாகப் பிரேக் வேலை செய்யும். மெர்சிடிஸ் அக்ட்ரோஸ் லோரி 1996இல் இந்த முறையோடு வந்தது.

சறுக்கல் தடுப்பு, அதாவது ஏபிஎஸ், அதற்கும் முந்தியது. டெய்ம்லர் பென்ஸும் பிரேக் நிறுவனமான வாப்கோவும் சேர்ந்து 1981இல் கனரக வண்டிகளுக்குக் கொண்டுவந்தன. சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தைச் சென்சார் கவனிக்கும். சக்கரம் இறுகப் போகிறது என்று தெரிந்தால் வால்வு காற்றைச் சற்று விட்டு மறுபடி ஏற்றும், வினாடிக்குள் பலமுறை. சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறைவதால் ஸ்டீயரிங் கைக்கு அடங்கும்.

சின்ன வேனில் பழகியவர்கள் விட்டு விட்டு மிதிப்பார்கள். லோரியில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொட்டிக் காற்று வீணாகும். ஏபிஎஸ் உள்ள லோரியில் ஆபத்து வந்தால் அழுத்தி மிதியுங்கள். 'புஸ் புஸ்' என்ற சத்தத்துக்குப் பயந்து காலை எடுக்காதீர்கள்.

எல்லா இடத்திலும் ஏபிஎஸ் கைகொடுக்காது. தோட்டத்துச் செம்மண், சரளைப் பாதையில் இறுகிய சக்கரம் கல்லைக் குவித்து நிற்கும். உருளும் சக்கரத்துக்கு அந்த முட்டு கிடைக்காது, தூரம் கூடலாம். பாலிங்கிலிருந்து கிரிக் போகும் மலைப் பாதை இறக்கத்தில் மிதியிலேயே கால் வைத்திருந்தால் பிரேக் சூடேறி வலுவிழக்கும். அங்கே சின்ன கியர்தான் காப்பாற்றும்.

ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தாலும் பிரேக் பிடிக்கும். ஆனால் சறுக்கல் தடுப்பை நம்ப முடியாது. அந்த விளக்கின்மேல் டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. டேப்பை உரித்துவிட்டு, சக்கரத்து உட்புறத்தைக் கழுவச் சொல்வேன். சென்சாரை மூடிய தோட்டத்துச் சேறும் அறுந்த வயரும் பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.