கடைசிப் பஸ் போன பிறகு

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். இடையில் இஞ்சிவிளை. அந்த நடைக்குள் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. அக்காளைப் பாறசாலையிலும் தங்கையைக் குழித்துறைப் பக்கத்திலும் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கட்டிக்கொடுத்த காலத்தில் இரண்டு வீடும் ஒரே திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதையும் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அக்காளும் தங்கையும் அதன் பிறகு எப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

சந்திப்பதற்கு எல்லை பெரிய தடையாக இருக்கவில்லை. செக்போஸ்டில் அரிசி மூட்டையைத் தேடினார்களே தவிர, தங்கச்சி வீட்டுக்குப் போகிறவளை யாரும் நிறுத்தவில்லை. பஸ்தான் பிரச்சினை. திருவிதாங்கூர் அரசு 1938-ல் பஸ் விடத் தொடங்கிய நாளிலிருந்து திருவனந்தபுரம் - நாகர்கோவில் சாலையில் வண்டி உண்டு. ஆனால் வீடு சாலையிலா இருக்கிறது? சாலையில் இறங்கி, வாழைத்தோட்டம், மரச்சீனி விளை, ஓடை என்று தாண்டி உள்ளே நடக்க வேண்டும். தலையில் மட்டிப்பழக் குலை, கையில் முந்திரிக்கொத்து கட்டிய பொதி, இடுப்பில் பிள்ளை. வந்து சேரும்போதே வெயில் சாய்ந்திருக்கும். கடுங்காப்பி குடித்து, கிழங்கும் மீன் கறியும் தின்று முடிப்பதற்குள், "பஸ்ஸு போயாச்சு, இனி நாளைக்குப் பாக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். நாளைக்கும் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்.

பழைய காலத்து விருந்தோம்பலைப் புகழ்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் புகழில் பாதி ஓடாத பஸ்ஸுக்குச் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தங்கினார்கள், ஏனென்றால் திரும்ப வழியில்லை. பேசினார்கள், ஏனென்றால் திண்ணையில் பாய் விரித்தபிறகு செய்ய வேறொன்றும் இல்லை. மனிதர்கள் நம்மைவிட நல்லவர்களாக இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பெண்களுக்கோ அந்த நேரமும் சும்மா கிடைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போக மாமியார் வாயிலிருந்து உத்தரவு வர வேண்டும். அது வருவதற்குப் பேறுகாலமோ கல்யாணமோ சாவோ வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு பாத்திரபண்டங்களுடன் பெண் வீட்டார் போகிற அடுக்களை காணலில் அம்மாவும் மகளும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியது எவ்வளவு நேரம் இருக்கும்? பந்தி பரிமாறுவதிலேயே பொழுது போயிருக்கும்.

1956 கோடு உண்மையில் வெட்டியது அடுத்த தலைமுறையை. பாறசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், குழித்துறைப் பிள்ளைகள் தமிழுக்கு. வீட்டுப் பேச்சு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. விடுமுறைக்குச் சேர்ந்தால் விடிய விடியப் பேசும் பிள்ளைகளுக்கு, ஊருக்குத் திரும்பியதும் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதிக்கொள்ள எழுத்து இல்லை. இவன் எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டும். அப்படி ஆள் தேடிப் படிக்க வைக்கிற கடிதத்தில் மனசைத் திறந்து எழுத யாருக்குத் தோன்றும்? 'இவ்விடம் அனைவரும் நலம்' என்பதோடு நின்றுபோன உறவுகள் எத்தனையோ. தென்னிந்தியத் திருச்சபையில் இந்தப் பகுதிக்கான பேராயமும் 1959-ல் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாகப் பிரிந்தது. ஆராதனை மொழியும் அந்தந்தப் பக்கத்துக்குப் போயிற்று.

ஆனால் சில இடங்களில் கோடு கண்ணுக்கே தெரியாது. எல்லையோரக் கொல்லங்கோடு பத்திரகாளி கோவிலில் மீன பரணிக்கு நடக்கும் தூக்க நேர்ச்சை அப்படி. குழந்தை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்கள் பிறந்த பிள்ளையைத் தூக்கக்காரர் கையில் கொடுக்க, உயரத்தில் வில்லில் தொங்கியபடி அவர் பிள்ளையோடு கோவிலைச் சுற்றி வருவார். கீழே அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைச் சுற்றி நெய்யாற்றின்கரை மாமியும் பூவாற்று சித்தியும் மார்த்தாண்டத்து மைனியும் நிற்பார்கள். நெய்யாற்றுத் தண்ணீருக்காக இரண்டு அரசுகளும் உச்ச நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன; இவர்கள் ஒரே குழந்தைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1979-ல் ரயில் வந்தது. பாறசாலைக்கு நிலையம் கிடைத்தது, குழித்துறைக்கும். பிறகு வளைகுடா பணம், மோட்டார் சைக்கிள், கார். இப்போது கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்குவழிப் பாதை. அம்மா வீடு அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. வருகிறவர்கள் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சாயா ஆறுவதற்குள் "இன்னொரு வீட்டுக்கும் போகணும்" என்று எழுந்துகொள்கிறார்கள். தூரம் குறையக் குறைய, தங்கும் நேரமும் கூடவே குறைந்தது.

செல்போனுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். அறிவுரை சொல்கிற கட்டுரைகள் அதைத் திட்டித் தீர்ப்பதால் இதைச் சொல்கிறேன். வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு வந்ததும், எழுத்தால் பிரிந்திருந்த மச்சினன்மாரும் அக்கா தங்கை மக்களும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கும் மலையாளம் படிக்கத் தெரியாதவளுக்கும் நடுவே இப்போது எழுத்தே வேண்டாம். கடிதத்தில் வராத சண்டையும் சிரிப்பும் அதில் வருகின்றன.

அந்தப் போன் எதுவரை உதவும் என்பது 2020-ல் தெரிந்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை மூடியது. உள்சாலைகள் சிலவற்றில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். பிறகு இ-பாஸ், இஞ்சிவிளையில் பரிசோதனை, தனிமைப்படுத்தல். பிறந்த நாளிலிருந்து பக்கத்து ஊர் என்று நினைத்திருந்த இடத்துக்கு அனுமதிச் சீட்டு. சாவுக்கு இருபது பேர் என்று விதி. அம்மாவின் அடக்கத்தை மகள் போன் திரையில் பார்த்த வீடுகள் உண்டு. படம் தெளிவாகத்தான் இருந்தது. தோளில் சாய்ந்து அழ ஆள் பக்கத்தில் இல்லை. எல்லை என்று ஒன்று இருப்பதை இந்த ஊர்க்காரர்கள் உடம்பால் உணர்ந்தது 1956-ஐவிட அப்போதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் ஒரு மாற்றம் பார்க்கிறேன். ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை விடுவதால், முந்தைய நாள் மாலையே அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஊர் வழக்கம் தங்கவைத்தது, பஸ் தங்கவைத்தது. இப்போது விடுப்பு எழுதிக் கொடுத்து, பிள்ளைகளின் டியூஷனை நிறுத்தி, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு தங்குகிறார்கள். தங்கினால் அந்த வீட்டுக் கிழவிக்கு இவர்கள் மனசு வைத்து வந்தார்கள் என்று தெரிகிறது. ஊர் முழுக்கச் சொல்லி மகிழ்கிறாள்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சரஸ்வதி யானை மேலும், குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் போகிறார்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போகிற வழிதான். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு, அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவில். சாமி பார்க்க என்று சாலையோர வீடுகளுக்கெல்லாம் உறவு வந்து இறங்கும். யானை கடந்ததும் கார் சாவியைக் கையில் எடுக்கிற பேரனைப் பார்த்துப் பாட்டிகள் சொல்வது:

"சாமியே நெய்யாத்தங்கரையில ஒரு ராத்திரி நின்னுட்டுத்தான் போவுது. ஒனக்கு என்ன மக்களே அவ்வளவு அவசரம்?"