இரண்டாவது ஆளும் ஏன் சாகிறார்?

“விஷவாயு தாக்கி இருவர் பலி” என்ற செய்தியில் வரும் இரண்டாமவர், பெரும்பாலும் முதலாமவரைத் தூக்கப் போனவர். கழிவுநீர்க் குழிக்குள் விழுந்தவன் தம்பி என்றால் அண்ணன் யோசித்துக்கொண்டா நிற்பான்?

காற்றுப் புகாத இடத்தில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமான இந்த வாயு குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். வாயு வெளியேறிவிட்டது என்று நம்பி, மனிதர் இன்னும் கீழே இறங்குவார். அளவு 1000 ஆனால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழுவார்.

“காலையிலேயே மூடியைத் திறந்து போட்டோமே” என்பார்கள். சேற்றுக்குள் அடைபட்ட வாயு, அடைப்பைக் கம்பியால் குத்திக் கிளறும்போதுதான் குபுகுபுவென்று கிளம்புகிறது. நெருப்பைக் காட்டிச் சோதிப்பது இன்னும் ஆபத்து; மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். வாயுவை அளக்கும் கருவி கையடக்கமானதுதான். அதை வாங்கித் தர ஒப்பந்ததாரருக்கு மனம் வருவதில்லை.

குழிக்குள் விழுந்தவராவது செய்தியில் இடம்பெறுகிறார். எலியின் சிறுநீர் கலந்த கழிவுநீர் காலிலுள்ள சிறு கீறல் வழியே இறங்கி, எலிக்காய்ச்சலாகி, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுத்துச் சாகிறவரை யார் எழுதுகிறார்கள்? மஞ்சள் காமாலை, ஆறாத தோல் புண், சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகளால் வரும் மூச்சுக்கோளாறு எல்லாம் கழிவுநீர் வேலை தருபவை. ஆனால் இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்றிருக்குமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்றிருக்காது. அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய அநீதியாகப் படுகிறது.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. கழிவுநீர்க் குழிச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் பிறகு, 1993 முதலான சாவுகளை மாநிலவாரியாக நாடாளுமன்றத்தில் வைத்த பட்டியல்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால், அடுக்ககத்துத் தொட்டி அடைத்தால், 14420 எண்ணை அழையுங்கள். லாரியும் இயந்திரமும் வரட்டும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மூச்சுக்கருவி இல்லாமல் நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள்.