பஞ்சுமிட்டாயில் என்ன சாயம்? அங்கேயே சொல்லிவிடுமா மின்வேதி சென்சார்?

தஞ்சாவூர் பெரிய கோயில் சித்திரைத் தேரோட்டக் கூட்டத்தில் பஞ்சுமிட்டாய் கேட்டு அடம்பிடிக்காத குழந்தை உண்டா? அந்த மிட்டாயைத்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்தது. முதலில் புதுச்சேரியில் சிக்கியது. பிறகு சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் ரோடமின்-பி இருப்பதை அரசு ஆய்வகம் உறுதிசெய்தது.

ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம். உணவில் துளிகூடக் கூடாது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறமிகள் எட்டுதான். டார்ட்ரஸின், சன்செட் யெல்லோ, கார்மோசின் எல்லாம் அதில் வரும். அவையும் குறிப்பிட்ட பண்டங்களில் மட்டுமே, பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். ஆக, கேள்வி ரெண்டு: என்ன சாயம், எவ்வளவு?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரசின் உணவுப் பகுப்பாய்வு ஆய்வகம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. ஆனால் முடிவு சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். அதற்குள் தேர் நிலைக்கு வந்து, கடைக்காரர் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போயிருப்பார். சாயமே போடாத வியாபாரிக்கும் அது கஷ்டம்தான். தன் சரக்கு சுத்தம் என்று அங்கேயே நிரூபிக்க அவருக்கு வழியில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மின்வேதி சென்சார். சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கு இது தூரத்துச் சொந்தம். மிட்டாயைத் தண்ணீரில் கரைத்து, கார்பன் பூசிய பட்டையில் ஒரு சொட்டு விட வேண்டும். பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஒரு கட்டத்தில் சாய மூலக்கூறு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும்; மின்னோட்டம் திடீரென எகிறும். எந்த அழுத்தத்தில் எகிறியது என்பது சாயத்துக்கு அடையாளம். எவ்வளவு உயரம் எகிறியது என்பது அளவு. பட்டையில் கிராஃபீனோ தங்க நுண்துகளோ பூசினால் மிகக் குறைந்த அளவும் தெரியும்.

பஞ்சுமிட்டாய் இதற்கு ரொம்ப வசதியான பண்டம். சர்க்கரையும் சாயமும்தான், சாதாரண கார்பன் பட்டையில் சர்க்கரை குறுக்கே வராது. ஜிலேபி, கேசரி அப்படியில்லை. நெய் பட்டையில் படிந்து மறைத்துவிடும். மஞ்சள் போட்ட சாதத்தில் மஞ்சளின் குர்குமினே எலக்ட்ரானைக் கொடுத்துக் குழப்பும். பழச்சாற்றில் வைட்டமின் சி. ஆய்வுக் கட்டுரைகளில் ஜோராக வேலை செய்கிற சென்சார் பல கடைத்தெருவுக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம். மின்வேதியியலுக்கென்றே 1948-ல் தொடங்கிய மத்திய ஆய்வு நிறுவனம், தஞ்சையிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி காரைக்குடியில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டை காட்டியதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. மாதிரி ஆய்வகத்துக்குப் போயே தீர வேண்டும். ஆனால் திருவிழாவில் ஐம்பது கடை இருந்தால், எந்தக் கடைப் பாக்கெட்டை அனுப்புவது என்பதை அதிகாரி அங்கேயே முடிவுசெய்யலாம்.