சிவப்பு என்றால் பெரிய மீனா?

மீன் தேடும் சோனார் திரையில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால், பெரிய மீன் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு சொல்வது ஒன்றுதான்: திரும்பி வந்த எதிரொலி வலுவானது.

படகின் அடியில் பொருத்திய கருவி கடலுக்குள் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்துத் தரையில் பட்டு 0.1 நொடியில் திரும்பிவிடும். போய்வந்த நேரத்தை வைத்து ஆழம் தெரிகிறது, எதிரொலியின் வலுவை வைத்து நிறம் அமைகிறது. வழக்கமான அமைப்பில் அடர்சிவப்புதான் உச்சம். ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று இறங்கி நீலத்தில் முடியும்.

1948இல் ஜப்பானின் நாகசாகி பகுதியில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை மீனவர்களிடம் கொண்டுபோனபோது இந்த நிறங்கள் இல்லை. அக்காலக் கருவிகள் காகிதச் சுருளில் கருப்பாகவும் சாம்பலாகவும்தான் வரைந்தன. வலுவான எதிரொலி எதுவானாலும் அதே கருப்பு. தரையை ஒட்டி மேயும் மீன் தரையோடு கலந்துவிடும். நிறத்திரையில் அப்படியில்லை. அடர்சிவப்புத் தரைக்குச் சற்று மேலே மஞ்சளாய் நிற்கும் கூட்டத்தைக் கண் சட்டென்று பிரித்துவிடுகிறது. ஆடும் படகில் சுக்கானைப் பிடித்தபடி ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பவருக்கு இது பேருதவி. சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கங்களை ஆராய அவருக்கு ஏது நேரம்?

ஆனால் மீனின் உடலில் ஒலியை அதிகம் திருப்பி அனுப்புவது சதையன்று, உள்ளே இருக்கும் காற்றுப்பை. சுறாவுக்கு அது கிடையாது. அதனால் உடல் பெரிதாக இருந்தும் அதற்கேற்ற நிறம் வராது. நெருக்கமாகத் திரளும் சிறு மீன் கூட்டமோ திரையைச் சிவக்க வைக்கும். பாறைத் தரை தடித்த சிவப்பாகவும், சேற்றுத் தரை அதைவிட மெலிந்தும் தெரியும். கருவியின் உணர்திறனைக் கூட்டினால் நீலமாக இருந்த மிதவை உயிரிகள்கூட மஞ்சளாகும். ஆகவே உணர்திறன் எந்த அளவில் இருக்கிறது என்று பாராமல் நிறத்தை மட்டும் நம்புவது தவறு. முதலில் தரையின் நிறத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. அவர்களுக்கு வானவில் வரிசை உதவாது. பல கருவிகளில் ஒரே நிறத்தின் அடர்த்தியை மட்டும் மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது. உங்கள் படகில் திரையைப் பார்ப்பவர் அப்படிப்பட்டவர் என்றால், அதைப் போட்டுக் கொடுங்கள்.