உறைபனியும் கோப்பிப் பயிரும்

வானிலையால் விளையும் கேட்டினைக் குளிரின் கடுமைகொண்டு மட்டும் அளத்தல் இயலாது. தாக்குண்ட பயிரின் இயல்பையும் நோக்கல் வேண்டும். தென் பிறேசிலிலுள்ள பரனா மாநிலம் இதற்குச் சான்றாகும். அங்குக் குளிர்காலமாகிய யூலைத் திங்களில், 1975 ஆம் ஆண்டு, தெற்கிலிருந்து புகுந்த கடுங்குளிரால் உறைபனி உண்டாயிற்று. இலைகளிலுள்ள நீர் உறைய, உயிரணுக்கள் சிதைந்தன. கோப்பிச் செடிகள் ஏறக்குறைய அனைத்தும் கருகின.

ஓராண்டுப் பயிர் அழியின் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். புதிதாய் நட்ட கோப்பியோ பயன்தர மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். ஆதலின் உழவர் பலர் கோப்பியைக் கைவிட்டுச் சோயா, கோதுமை ஆகியவற்றை நாடினர். இவற்றின் விதைப்பும் அறுவடையும் இயந்திரத்தால் நிகழ்வன. கையாற் கோப்பி பறித்து வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையிழந்து நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இம்மாற்றம் முன்னரே தொடங்கியிருந்ததாயினும், அதனை விரைவுபடுத்தியது அவ்வுறைபனியே.