கொட்டேஷன் முதல் பேரவை நோட்டீஸ் வரை

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு நிதி தந்தது. இடத்தை ஊர் தர வேண்டும், நடத்தும் ஆளையும் ஊரே தர வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்பது ஏற்பாடு. ஏம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான கட்டடத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். வில்லியனூரிலிருந்து மற்ற ஊர்களுக்கு ரேடியோ அலை வழியே தகவல் போனது. கரன்ட் போனால் கைகொடுக்கச் சூரியத் தகடு இருந்தது. பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் அந்த மையங்களில் விண்டோஸும் எம்.எஸ். ஆபீஸும் பழகி, ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழைத் தட்டினார்கள். நெல் விலை, அரசுத் திட்டங்களின் விவரம், ஊர் அறிவிப்பு என்று ஊருக்கு வேண்டியிருந்த தாள்களே அவர்களுடைய பயிற்சித் தாள்கள். 'நம்ம ஊரு செய்தி' என்ற உள்ளூர்ப் பத்திரிகையும் அந்தத் திட்டத்திலிருந்து வந்தது.

அன்று மையத்துக்குச் சில கணினிகள்தான். இன்று வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் லேப்டாப் இருக்கும் வீடுகள் ஏராளம். ஆனாலும் ஒரு கொட்டேஷன் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. அங்கே பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள். போன வாடிக்கையாளரின் தேதி அப்படியே நிற்பதும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் பொம்மைக்காரருக்கும், கடன் கேட்கும் சுயஉதவிக் குழுவுக்கும், பேரவைக் கூட்டம் நடத்தும் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இந்த வேலை அடிக்கடி வருகிறது. அதைத் தாங்களே செய்துகொள்ளத் தேவையான திறமை பெரிதொன்றுமில்லை. கற்கும் வரிசை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கற்க வழிகள் பல. 2024இல் முடிந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தின் பாடம் மொத்தம் 20 மணி நேரமாக இருந்தது. கணினியைத் தொட்டுப் பயம் தெளிய அது போதுமானதாக இருந்தது, வியாபாரக் கடிதம் எழுத அது போதவில்லை. நீலிட் நிறுவனத்தின் 'சி.சி.சி.' என்ற கணினிப் பாடம் 80 மணி நேரம். அதில் சொற்செயலி தனிப்பகுதி. ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்ற கணினி இயக்குநர் பிரிவு ஓராண்டு. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது டைப் இன்ஸ்டிடியூட். தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஒரு தாள் வேகம். மற்றொரு தாளில் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும். விரல் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இயந்திரத்தில் பழகிய இரண்டு வழக்கங்கள் கணினிக்கு ஆகாது.

டைப்ரைட்டரில் தலைப்பை நடுவில் வைக்க, தாளின் நடுவுக்குப் போய், தலைப்பின் எழுத்துகளை எண்ணி, அதில் பாதி தடவை பேக்ஸ்பேஸ் தட்டித் தொடங்குவார்கள். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். லீவரைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவார்கள். அதே கை கணினியில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நகர்த்துகிறது, வரிக்கு வரி என்டர் அடிக்கிறது. திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். எழுத்துருவை மாற்றினாலோ, நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ மொத்தமும் சரிந்துவிடும். என்டர் பத்தி முடிவுக்கு மட்டும், ஸ்பேஸ் இரண்டு சொல்லுக்கு நடுவே ஒன்று மட்டும் என்பது முதல் பாடம். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் ¶ வடிவப் பொத்தான் ஒன்று வேர்டில் உண்டு. அதை அழுத்தினால் ஸ்பேஸ் புள்ளியாகவும், என்டர் ¶ குறியாகவும், டேப் அம்பாகவும் தெரியும். ஒருவர் தயாரித்த கோப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அறிய அது ஒன்றே போதும்.

அடுத்தது தமிழ். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். மேலே தமிழ் உருவம் பூசியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கண்டதும் தெரியும். தேடினால் எதுவும் கிடைக்காது. இதற்கு முடிவு யூனிகோடு. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும், 2010 செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடையும் ஏற்றது. ஆனால் சங்கங்களின் பழைய உறுப்பினர் பட்டியல்கள் இன்னும் பழைய எழுத்துருவில் தூங்குகின்றன. அவற்றை ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை அத்தோடு தீரும்; மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

விசைப்பலகை எது என்பதில் சண்டை வேண்டாம். டைப் படித்தவருக்குத் தட்டச்சு முறை கைவந்தது. அதிலேயே யூனிகோடு அடிக்கலாம். ஏற்கெனவே ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு ஒலிபெயர்ப்பு முறை உடனே வரும். ஒன்றுமே பழகாதவருக்குத் தமிழ்99தான் சிறந்தது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும்.

இங்கே இன்னொரு சூட்சுமம். வேர்டும் லிப்ரே ஆபீஸும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. வேர்டில் தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். 'எழுத்துருவை மாற்றினேன், தமிழ் மட்டும் மாறவில்லை' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஒரே அளவில் தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆங்கிலம் 12 என்றால் தமிழை 11க்கு இறக்கினால் வரி சமமாகும். இரு ஓரமும் நேராக நிற்கும்படி அடுக்குவதும் தமிழுக்குப் பொருந்துவதில்லை. சொற்கள் நீளம், வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் படிக்கச் சுகம்.

ஆவணத்தின் உறுப்புகள் மூன்றாவது பாடம். இந்த விஷயத்தில் பாகூருக்குப் பழைய பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்து வாகூர்ச் செப்பேடு, பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பதிவு செய்கிறது. யார் கொடுத்தது, யாருக்கு, எது, எந்த ஆட்சியாண்டில் என்று எல்லாம் அதில் உண்டு. இன்றைய அலுவலகக் கடிதம் கேட்பதும் அதே விவரங்களைத்தான். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், முன்பே கடிதப் போக்குவரத்து இருந்தால் பார்வை, பிறகு ஐயா அல்லது அம்மையீர், விஷயம், இணைப்பு, கையொப்பம். 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி புதுச்சேரிக்குத் தமிழ் ஆட்சிமொழி, ஆங்கிலமும் பயன்படலாம். எனவே கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு தமிழிலும், வெளியூர் கம்பெனிக்குக் கொட்டேஷன் ஆங்கிலத்திலும் போவது இயல்பு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்து கட்டுவதுதான் கண்ணை உறுத்துகிறது.

இந்த உறுப்புகளுக்கு அழகு சேர்க்கும் வேலையை 'ஸ்டைல்' என்ற வசதியிடம் விட வேண்டும். தலைப்பு என்றால் இந்த எழுத்துரு, இந்த அளவு, மேலே இவ்வளவு இடம் என்று ஒருமுறை சொல்லி வைத்தால், பின்னால் எத்தனை தலைப்பு வந்தாலும் ஒரே சொடுக்கில் அமையும். மாற்றுவதும் ஒரே இடத்தில்தான். தாள் ஏ4 என்று முதலிலேயே அமைப்பதும், முகவரியைப் பக்கத்தின் மேல்பகுதியில் ஹெட்டராக வைப்பதும், எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டாகச் சேமிப்பதும் இதன் தொடர்ச்சி. டெம்ப்ளேட்டைத் திறந்தால் புதிய கோப்பு பிறக்கும், பழையது கெடாது. போன வாடிக்கையாளரின் தேதி நிற்கும் அசம்பாவிதமும் நடக்காது.

கொட்டேஷனை எடுத்துக்கொள்வோம். கடலூர்க் கடைக்காரர் ஒருவர் வில்லியனூர் சுடுமண் குதிரை 40 கேட்கிறார். ஒன்று 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசை எண், பொருள் விவரம், எண்ணிக்கை, விலை, தொகை என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட டேபிள் போட வேண்டும். விவரம் இடது ஓரத்தில், பணம் வலது ஓரத்தில். தலைப்பு வரிசை அடுத்த பக்கத்திலும் வரும்படி ஒரு அமைப்பு உண்டு. கூட்டலை வேர்டே போடும், ஆனால் எண்ணை மாற்றினால் அது தானாக மாறாது. எஃப்9 விசையைத் தட்ட வேண்டும். இது தெரியாமல் பழைய கூட்டுத்தொகையோடு கொட்டேஷன் போய், அந்த விலைக்கே சரக்கைக் கொடுக்கும்படி ஆகிவிடும். மொத்தம் 14,000 என்றால் 'ரூபாய் பதினாலாயிரம் மட்டும்' என்று எழுத்திலும் வர வேண்டும். அதன் கீழே விலை எத்தனை நாளுக்குச் செல்லும், வண்டிக்கூலி யார் தலையில், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு என்று நான்கே வரி. சுடுமண் சரக்கில் மூன்றாவது வரியை விட்டால் மொத்த லாபமும் போகும்.

பில் என்று வந்தால் சட்டமே அச்சாளர் ஆகிவிடுகிறது. ஜி.எஸ்.டி. விதி 46 பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். விற்பவரின் 15 இலக்கப் பதிவு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. ஊருக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோடு பின்னிக் கிடக்கும் இந்தப் பகுதியில் இது விளையாட்டான விஷயமில்லை. வில்லியனூரிலிருந்து பாகூருக்கு விற்றால் வரி மத்திய, மாநில வரி என இரண்டாகப் பிரியும். பாகூருக்கு அடுத்தாற்போல் உள்ள கடலூருக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரி ஒன்றே. எனவே டெம்ப்ளேட்டே இரண்டு வேண்டும். சரக்கு விற்பவருக்குப் பதிவு கட்டாயமாகும் வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியிலோ 20 லட்சம். மாநில எல்லை தாண்டி விற்றால் விதி வேறு. கைவினைப் பொருளுக்கு நிபந்தனையோடு சலுகை உண்டு. பதிவு இல்லாதவர் தம் பில்லில் வரி என்று ஒரு வரிசை போடவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரே கடிதம் பலருக்குப் போக வேண்டுமென்றால் மெயில் மெர்ஜ். பாகூர்ப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் 200 உறுப்பினர் என்று வைத்துக்கொண்டால், பெயர், உறுப்பினர் எண், பங்குத்தொகை மூன்றையும் எக்செல்லில் தனித்தனி நெடுவரிசையாக அடித்து, பேரவைக் கூட்ட நோட்டீஸில் அந்தந்த இடத்தில் பொருத்தினால் 200 நோட்டீஸும் ஒரே மூச்சில் வரும். முதலில் ஐந்து மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். எக்செல்லில் 12.05 என்றிருக்கும் மே மாதத் தேதி வேர்டில் 5/12 என்று அமெரிக்க முறைக்குப் புரண்டு, டிசம்பர் போலத் தெரியும்; பணத்தில் காற்புள்ளி விழுந்திருக்காது. இரண்டையும் நோட்டீஸில் உள்ள புலத்தின் அமைப்பில் சரிசெய்யலாம். உறுப்பினர் பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தால் பெயர்கள் குழம்பி நிற்பதும் இந்த இடத்தில் வெளிப்படும்.

பிழை பார்ப்பது தனி வேலை. வேர்டின் தமிழ்ச் சரிபார்ப்பு ஓரளவுக்கே உதவும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப் பிழைக்கும், நாவி சந்திப் பிழைக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எண், தேதி, பெயரின் இனிஷியல் ஆகியவற்றை எந்தச் செயலியும் பார்த்துத் தராது. அதற்கு ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் தாளில் விரல் வைத்துப் பார்க்கும் பழைய முறையே நல்லது.

முடிந்ததை அனுப்பும்போது வேர்டு கோப்பு தன்னிடம், பி.டி.எஃப். வெளியே என்று பிரிக்க வேண்டும். வேர்டு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஜெராக்ஸ் கடையில் திறந்தால், அங்கே எழுத்துரு வேறாக இருந்து டேபிள் அடுத்த பக்கத்துக்கு ஓடும். பி.டி.எஃப். எழுத்துருவைத் தன்னுடனே எடுத்துப் போகும். கோப்புக்கு 'புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல்2' என்று பெயர் வைப்பதை விட்டு, தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போட்டு, பிறகு வாடிக்கையாளர் பெயர், கொட்டேஷன் எண் என்று வைத்தால் அவை தாமாகவே வரிசையில் அமையும். கடைக் கணினியில் பிரிண்ட் எடுத்தால், வங்கிக் கணக்கு எண்ணோடு இருக்கும் அந்தக் கோப்பை டவுன்லோடு ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு, வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேற வேண்டும்.