உங்களுக்குத் தெரியுமா? பனி நாட்டில் 62 கிலோ முட்டைக்கோஸ்!

உலக சாதனை படைத்த ராட்சத முட்டைக்கோஸ் விளைந்தது, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் அலாஸ்காவில்! 2012-இல் பால்மர் நகரில் நடந்த மாநிலக் கண்காட்சியில் அதை எடை போட்டார்கள். ஒரே ஒரு முட்டைக்கோஸ், 62.71 கிலோ. கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

• ரகசியம் வெயிலின் சூட்டில் இல்லை, அதன் நீளத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் பால்மரில் நாளுக்கு சுமார் 19 மணி நேரம் பகல். இலைகள் ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் உணவு தயாரிக்கின்றன. குளிர்ச்சியை விரும்பும் முட்டைக்கோசுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

• ஆனால் தக்காளிக்கு அந்த மண்ணின் சூடு போதாது. பெரும்பாலும் கண்ணாடி வீட்டுக்குள்தான் வளர்க்கிறார்கள்.

• உறைபனி விலக மே மாதக் கடைசி ஆகிவிடும். செப்டம்பரில் மறுபடி வந்துவிடும். அதனால் தோட்டக்காரர்கள் வசந்தத்துக்காகக் கைகட்டிக் காத்திருப்பதில்லை. வெளியே பனி கிடக்கும்போதே, வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் விதை போட்டு நாற்று வளர்க்கிறார்கள்.

• அந்த நாற்றை நேரே தோட்டத்தில் நட்டால் வாடிவிடும். ஒரு வாரம், பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காற்றுக்கும் குளிருக்கும் பழக்குவார்கள். பொறுமையான வேலை, விளைச்சலே இதை நம்பித்தான் இருக்கிறது.

• 1936-இல் தொடங்கிய இந்தக் கண்காட்சியில் ராட்சத முட்டைக்கோசுக்கென்றே தனிப் போட்டி உண்டு.